கட்டுத்தறியும் ஓட்டப் பந்தயமும்

நாகைக்கு அருகே ஒரு சிற்றூர். திருமணம் முடிந்து, பந்தியும் முடிந்து, பந்தலின் கீழே பாய் விரித்துப் பலர் அமர்ந்திருந்தோம். மலேசியாவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவரைச் சுற்றி நல்ல கூட்டம். கடல் கடந்து வாழ்பவராயிற்றே, கண்டதைச் சொல்வார் என்று காது கொடுத்துக் கேட்டோம். அவர் சொன்னார்:

“நம்ம ஆளுங்க சீனனைப் பார்த்துப் படிக்கணும் தம்பி! அவனும் கப்பல்ல வந்தவன்தான், நாமும் கப்பல்ல வந்தவங்கதான். அவன் கடை வெச்சான், கட்டடம் கட்டினான். நம்ம ஆளு கள்ளுக்கடைக்குப் போனான், காசைத் தொலைச்சான். அவ்வளவுதான் கதை!”

தலைகள் ஆடின. ‘ஆமாம், ஆமாம்’ என்ற குரல்கள் எழுந்தன. பந்தலின் ஓரத்தில் ஒரு மூதாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இளமையில் அங்கே பால் மரம் வெட்டியவர். 1969ஆம் ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்தவர். உலக்கையை நிறுத்தாமலே அவர் முணுமுணுத்தார்: “கடை வெக்கலாந்தான். குடியிருந்த வூடே எங்களுது இல்லியேப்பா.”

பெரியவரின் பேச்சு உரக்க ஒலித்தது. பாட்டியின் பேச்சு பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. ஆனால், உரத்த பேச்சில் இல்லாத உண்மை அந்த முணுமுணுப்பில் இருந்தது. அதை உங்களிடம் எடுத்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடனாளிகளாக வந்தவர்கள்

பெரியவர் சொன்னதில் ஒன்று மெய். இருவருமே கப்பலில் வந்தவர்கள்தாம். பினாங்கு 1786இல் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. சிங்கப்பூர் 1819இல் வந்தது. காடு அழிக்க ஆள் வேண்டும், ஈயம் தோண்ட ஆள் வேண்டும், கரும்பு நட ஆள் வேண்டும், பின்னர் ரப்பர் வளர்க்க ஆள் வேண்டும். தென் சீனத்தின் குவாங்டோங், ஃபூஜியன் கரைகளில் வறுமை. காவிரிப் படுகையில், தென்னார்க்காட்டில், சேலத்தில் வறுமை. வறுமைக்கு மொழி ஏது? வயிறு காய்ந்தவன் சீனம் பேசினாலும் செந்தமிழ் பேசினாலும், கப்பலின் கீழ்த்தட்டில் அவனுக்குக் கிடைத்தது ஒரே இருட்டுத்தான்.

சீனத் தொழிலாளி கடன் சீட்டில் வந்தான். கப்பல் கூலியைத் தரகன் கட்டினான். அந்தக் கடன் தீரும்வரை சுரங்க முதலாளியிடம் அவன் அடிமை. புதிதாக வந்த அவனுக்கு அங்கே ‘சின்கே’ என்று பெயர். நம்மவனோ ஒப்பந்தக் கூலியாக, சஞ்சிக்கூலியாக வந்தான். அவனும் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. 1910இல் சஞ்சி முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் கங்காணி முறை வேரூன்றிவிட்டது. ஊருக்கு வந்து, உறவு கொண்டாடி, ‘பால் மரத்தில் பணம் காய்க்கிறது’ என்று பேசி, பத்துப் பேரை இருபது பேரை அழைத்துச் சென்றார் கங்காணி. 1938இல் அந்த ஆள்பிடிப்பை அன்றைய இந்திய அரசு நிறுத்தும்வரை அதுவே வழி. 1786 முதல் 1957 வரை மலாயாவுக்குள் சென்ற இந்தியர் 40 இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார் ஆய்வறிஞர் சாந்து. 1957இல் மலாயாவில் இருந்தோர் ஏறத்தாழ 7 இலட்சம். மற்றவர்களில் மிகப் பலர் திரும்பினர். காய்ச்சலும் களைப்பும் கொன்றவர்களும் பலர்.

ஆக, தொடக்கம் ஒன்றுதான். இருவரும் வெறுங்கையர், இருவரும் கடனாளிகள். அப்படியானால், பாதை எங்கே பிரிந்தது? குருதியிலா? குணத்திலா? இல்லை தோழர்களே! கப்பலை விட்டு இறங்கியவனை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதிலே பிரிந்தது.

வேலிக்குள்ளே ஓர் உலகம்

நம்மவன் போய்ச் சேர்ந்த இடம் தோட்டம். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். இருட்டு விலகுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். வெட்ட வேண்டும், மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துத் தூக்கிவந்து நிறுக்க வேண்டும். குழந்தை ஆயாக் கொட்டகையில், தாய் மரத்தடியில். குடியிருக்க லயம், அது தோட்டத்துடையது. அரிசி வாங்கக் கடை, அது தோட்டத்துக்குள். மருந்துக்குத் தோட்ட மருத்துவமனை. கும்பிடக் கோயில், அதன் நிலமும் தோட்டத்துடையது. மாலையில் கள்ளுக்கடை, அதுவும் தோட்டத்துக்குள்! பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. வைத்தார்கள், கொட்டகை ஒன்று, வாத்தியார் ஒருவர். கங்காணியே வாத்தியாராக, கணக்குப்பிள்ளையே வாத்தியாராக இருந்த தோட்டங்களும் உண்டு.

கூலியோ, 1920களின் இறுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதையும் உலக மந்தம் வந்தபோது வெட்டினார்கள். வெட்டியும் கட்டாதபோது ஆட்களையே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ரப்பர் விலை ஏறினால் ‘வா’ என்பது, இறங்கினால் ‘போ’ என்பது! மனிதனைக் குழாய்த் தண்ணீர்போலத் திறந்தும் மூடியும் ஆண்டார்கள்.

இதில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். வேலை, வீடு, கடை, பள்ளி, மருந்து, கோயில் அத்தனையும் ஒரே முடிச்சு. முடிச்சு துரையின் கையிலே. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளி போகும். பள்ளி போனால் அடுத்த தலைமுறையின் வழியே போகும். கட்டுத்தறியில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குத்தானே மேயும்? பக்கத்து வயலில் மேயும் மாட்டைக் காட்டி, ‘பார், அது எப்படிக் கொழுத்திருக்கிறது!’ என்று கட்டியதை வையலாமா?

வேலிக்கு வெளியே

சீனத் தொழிலாளி பூவுலகச் சொர்க்கத்துக்குப் போகவில்லை. லாருட், கிந்தா பள்ளத்தாக்குகளின் ஈயச் சுரங்கங்களில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் ஏராளம். கீ ஹின், ஹாய் சான் என்ற இரு இரகசியச் சங்கங்களும் லாருட்டில் 1861 முதல் பல ஆண்டுகள் வெட்டிக்கொண்டு மடிந்தன. ‘சீனருக்குள் ஒற்றுமை பிறவியிலேயே வந்தது’ என்போர் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஆனால், சுரங்கத்தைச் சுற்றி ஊர் எழுந்தது. ஊருக்குள் தெரு எழுந்தது. தெருவில் கடை எழுந்தது. கடன் தீர்ந்த சின்கே அந்தக் கடையில் எடுபிடியானான். எடுபிடி கணக்கெழுதக் கற்றான். கணக்கெழுதியவன் தனிக்கடை போட்டான். எல்லோருமா? இல்லை. பெரும்பாலோர் கூலியாகவே மடிந்தனர். ஆயினும், ஏற நினைத்தவன் கால் வைக்க ஏணியில் ஒரு படி இருந்தது. 1854இல் பதினேழு வயது இளைஞனாக வந்து, சுரங்கத்தில் வேலை செய்து, சமையல்காரராக இருந்து, சில்லறை வாணிகம் செய்த யாப் ஆ லோய், 1868இல் கோலாலம்பூரின் சீனக் கப்பித்தான் ஆனார். அதே கோலாலம்பூரில் அதே காலத்தில் நம்மவருள்ளும் ஒரு பெருமகனார் இருந்தார், தம்புசாமிப் பிள்ளை. ஆனால், அவர் சிங்கப்பூரில் பிறந்தவர், ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர், அரசு அலுவலகத்தின் வழியே உயர்ந்தவர். சுரங்கக் குழியிலிருந்து ஒருவர் தலைவரானார். பால் மரத்தடியிலிருந்து ஒரு தம்புசாமி வர வழி இருந்ததா?

இன்னொன்று. சீனர் ஊர்ச் சங்கம் வைத்தனர், குலச் சங்கம் வைத்தனர். புதிதாக வந்தவனுக்கு இடம் தந்தது, செத்தவனுக்குப் புதைகுழி தந்தது, பிள்ளைக்குப் பள்ளி தந்தது அந்தச் சங்கம். முதலாளியும் கூலியும் ஒரே மாவட்டத்து மொழி பேசினர். முதலாளி சுரண்டவில்லையா என்றால், சுரண்டினார். சுரண்டியவரே பள்ளிக்கும் கொடுத்தார்.

நம்மவர் பக்கம் திரும்பிப் பாருங்கள், நெஞ்சு சுடும். அலுவலகத்தில் அமர்ந்த கிராணி பெரும்பாலும் மலையாளத்தார் அல்லது யாழ்ப்பாணத்தார். வட்டிக்கடையில் அமர்ந்தவர் செட்டியார். மரத்தடியில் நின்றவன் உழவன், ஆதிதிராவிடன். கடலைத் தாண்டினால் சாதி கரையும் என்பார்களே, கரைந்ததா? லயத்திலேகூட ஆதிதிராவிடருக்குத் தனி வரிசை ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன! செட்டியார் தந்த கடன் சீனச் சுரங்கத்துக்குப் போயிற்று, மலாய் நிலத்துக்குப் போயிற்று. பால் வெட்டியவனுக்கு ஏன் போகவில்லை? அடைமானம் வைக்க அவனிடம் சாண் நிலம் இல்லை. மூலதனம் நம்மவரிடம் இல்லாமல் இல்லை தோழர்களே! நம்மவரிடமிருந்து நம்மவருக்குப் போகப் பாலம்தான் இல்லை.

கள்ளும் அபினும்

‘குடித்துக் கெட்டான்’ என்கிறாரே பெரியவர், அதையும் பார்த்துவிடுவோம். கள் கெடுத்தது உண்மை. ஆனால், கடையை வைத்தது யார்? தோட்டத்துக்குள்ளேயே அனுமதியோடு கடை வைத்தார்கள். மாலையில் கொடுத்த கூலி இரவுக்குள் கடைக்கே திரும்பிற்று.

சீனத் தொழிலாளிக்கு அந்த ஆட்சி வைத்திருந்தது அபின். நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சில ஆண்டுகளில், ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. ஒருவனுக்குக் குடம், ஒருவனுக்குக் குழாய். இரண்டையும் நீட்டிய கை ஒன்று. பழக்கம்தான் ஒரு சமுதாயத்தின் தலையெழுத்தை எழுதுமானால், அபின் பிடித்தவனல்லவா முதலில் அழிந்திருக்க வேண்டும்?

அதோடு மற்றொன்று: 1941இல் கிளாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கோரிக்கைகள் என்ன தெரியுமா? சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் தா, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி தா, துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கொடுமையை நீக்கு, கள்ளுக்கடையை மூடு! ஆம், குடிகாரன் என்று தூற்றப்பட்டவனே கடையை மூடச் சொன்னான். விடையாகத் துப்பாக்கி வந்தது. தொழிலாளர் சிலர் மாண்டனர். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இருவருக்கும் வந்த போர்

அந்த ஆண்டின் இறுதியிலேயே ஜப்பானியப் படை வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சீனரைத் தேடித் தேடிக் கொன்றது அப்படை. தமிழரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்றது. தோட்டம் தோட்டமாகச் சென்றவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. இரத்தம் சிந்தியதில் ஏற்றத்தாழ்வு இல்லை.

போர் முடிந்தது, தொழிற்சங்கம் ஓங்கியது. தமிழரும் சீனரும் ஒரே கொடியின் கீழ் நின்ற காலம் அது. 1948இல் அவசரநிலை வந்தது. சங்கம் தடை செய்யப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், தஞ்சை மண்ணில் பிறந்த எஸ்.ஏ.கணபதி. துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டனர்.

அதே அவசரநிலையில் சீனருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். காட்டோரம் பயிரிட்டு வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் சீனரை, 1950 முதல், வீட்டை எரித்து, வண்டியில் ஏற்றி, முள்வேலி போட்ட ‘புதுக்கிராமங்களில்’ அடைத்தது அரசு. 450க்கும் மேற்பட்ட அத்தகைய கிராமங்கள். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. மாலையில் வாயில் பூட்டப்பட்டது. கொடுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்! அந்தக் கிராமத்தில் குடும்பத்துக்கு ஒரு மனை அளந்து விட்டார்கள். முழு உரிமையில்லை, குத்தகைதான், ஆனாலும் மனை. வேலி அகன்றபின் மனை நின்றது. மனைமேல் வீடு நின்றது. வீட்டின் முன்னறையில் கடை நின்றது. வேலை மாறினாலும் வீடு மாறவில்லை. பக்கத்தில் பள்ளியும் இருந்தது.

தோட்டத் தமிழனையும் அந்த நாளில் வேலிக்குள் ஒடுக்கினார்கள். வேலி அகன்றது; அவன் கையில் எஞ்சியது என்ன? அதே லயம், அதே துரை, அதே முடிச்சு! ‘குடியிருந்த வூடே எங்களுது இல்லியேப்பா’ என்ற பாட்டியின் சொல்லுக்குப் பொருள் இப்போது விளங்குகிறதா தோழர்களே?

விடுதலைக்குப் பின்

1957இல் மலாயா விடுதலை பெற்றது. வெள்ளை முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டானது நிலம் மட்டுமா? வேலை போயிற்று, வேலையோடு லயமும் போயிற்று. முடிச்சு அவிழவில்லை, அறுந்தது!

அந்த நேரத்தில் நல்ல காரியம் ஒன்றும் நடந்தது; பாராட்டாமல் இருக்க முடியாது. 1960இல் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்கு திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டத்தையே தொழிலாளர் பெயரில் வாங்கினார். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் 1961இல் அப்படித்தான் கைக்கு வந்தது. மரம் வெட்டியவனே மரத்துக்குப் பங்காளி! ‘சேமிக்கத் தெரியாதவன்’ என்ற பழியை அந்த வெள்ளிக் காசுகள் பொய்யாக்கின. சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால், துண்டாடல் வெள்ளம்போல் வந்தது; சங்கம் கட்டிய கரை சிறிது.

பின்னர் 1982இல் ‘மைக்கா’ என்ற நிறுவனத்துக்காகப் பல்லாயிரம் எளிய இந்தியர் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தனர். தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு என்பர். எதிர்பார்த்த வளம் வரவில்லை. சீனருக்கும் அத்தகைய அடி விழுந்தது. 1986இல் வைப்புத்தொகைக் கூட்டுறவுச் சங்கங்கள் சரிந்து இலட்சக்கணக்கானோர் சேமிப்பு முடங்கியது. ஆனால், வீடும் கடையும் உள்ளவன் அடி வாங்கினால் எழுவான். லயத்தில் இருப்பவன் எதைப் பிடித்து எழுவான்?

1969 மே 13 கலவரத்தில் மாண்டோரில் பெரும்பாலோர் சீனர். அந்த ஆண்டு குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச்சீட்டு என்ற விதி இறுக்கப்பட்டது; பல்லாயிரம் தோட்டத் தமிழர் ஊர் திரும்பினர். நம் பாட்டி அவர்களில் ஒருவர். இருபது ஆண்டு பால் வெட்டினாராம். ஒரு தகரப் பெட்டியோடு கப்பலில் இறங்கினாராம்.

பள்ளிக்கூடக் கணக்கு

விடுதலை பெற்றபோது அங்கிருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று ஏறத்தாழ 530. தோட்டம் மறைந்தது, பள்ளி மறைந்தது. நகரத்துக்கு வந்தவனோடு பள்ளி வரவில்லை. சீனத் தொடக்கப்பள்ளிகள் இன்றும் ஏறத்தாழ 1,300. இவை தவிர, 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு அரசு உதவி வேண்டாம் என்று தனித்து நின்ற சீன உயர்நிலைப்பள்ளிகள் அறுபது. தங்களுக்கெனப் பொதுத் தேர்வே 1975 முதல் நடத்துகிறார்கள். தமிழ் உயர்நிலைப்பள்ளி எத்தனை? ஒன்றும் இல்லை! ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடிகிறது.

ஏழைகளின் ஆர்வத்தில் குறைவிருந்ததா? 1950களில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காகச் சீனச் செல்வரும் கொடுத்தனர், மூன்று சக்கர வண்டி மிதித்தவரும் ஒருநாள் வரும்படியைக் கொடுத்தனர். அதே 1950களில் சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நாளேடு ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று முழங்கியது. கூலித் தமிழர் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர்; மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது. கொடுக்கும் மனம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால், அங்கே பள்ளிக் கட்டடமும் நிலமும் சங்கத்தின் பெயரில் இருந்தன. இங்கே பல பள்ளிகள் தோட்ட நிலத்தில் நின்றன. நிலம் கம்பெனிக்கு, கொட்டகை பள்ளிக்கு என்றால், கம்பெனி நிலத்தை விற்கும் நாளில் பள்ளிக்கு என்ன உறுதி?

சராசரி என்னும் திரை

இப்போது சிலர் புள்ளிவிவரத்தோடு வருவார்கள். ‘இந்தியர் நிலை அப்படியொன்றும் மோசமில்லையே!’ என்பார்கள். பார்ப்போம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பத்தின் சராசரி மாத வருமானம்: சீனர் 394 வெள்ளி, இந்தியர் 304, மலாய்க்காரர் 172. 2016இல் மலேசியா முழுமைக்கும்: சீனர் 8,750, இந்தியர் 7,150, மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்திரர் 6,267. சீனக் குடும்பம் நூறு வெள்ளி ஈட்டும்போது இந்தியக் குடும்பம் ஈட்டியது அன்று 77, பிறகு 82. நாற்பத்தாறு ஆண்டுகளில் ஐந்து வெள்ளி நெருங்கியிருக்கிறோம்!

வருமானம் இப்படியிருக்க, சொத்தைப் பாருங்கள். 1970இல் நிறுவனப் பங்குடைமையில் வெளிநாட்டார் பங்கு நூற்றுக்கு 63க்கும் மேல். சீனர் 27.2, மலாய்க்காரர் 2.4, இந்தியர் 1.1. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பத்துப் பேர். பங்குடைமையில் நூற்றுக்கு ஒன்று! 2004இல் சீனர் 39, பூமிபுத்திரர் 18.9, இந்தியர் 1.2. முப்பத்து நான்கு ஆண்டுகளில் பத்தில் ஒரு விழுக்காடு வளர்ச்சி! ஆமை இதைக் கேட்டால் நாணம் கொள்ளாதா?

மலாய்க்காரர் மீது காழ்ப்புக் கொள்ள இந்தக் கணக்கைப் பயன்படுத்துவோர் உண்டு, அது அறமன்று. 1970இல் மலாய்க் குடும்பங்களில் நூற்றுக்கு 65 வறுமையில் கிடந்தன. இந்தியரில் 39, சீனரில் 26. மலாய் உழவனைத் தூக்கிவிட 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்ததற்குக் காரணம் இருந்தது. குறை எங்கே? இனத்தைக் கொண்டு அளந்ததிலே! இந்தியர் என்ற ஒரே மூட்டையில் கோலாலம்பூர் வழக்கறிஞரையும் போட்டார்கள், கெடாவின் பால் வெட்டியையும் போட்டார்கள். வழக்கறிஞருக்குப் பத்தாயிரம், பால் வெட்டிக்கு ஆயிரம். கூட்டி வகுத்தால் தலைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. தாளில் இருவரும் வசதியானவர்கள்! லயத்தில் அடுப்பு எரிந்ததா என்று அந்தத் தாள் சொல்லுமா? ஒரு கால் கொதிநீரில், ஒரு கால் பனிக்கட்டியில் வைத்திருப்பவனைப் பார்த்து, ‘சராசரியில் நீ சுகமாக இருக்கிறாய்’ என்பதுதான் இந்தக் கணக்கு.

சீனரையும் இந்தச் சராசரி விட்டதில்லை. மாடிக் கட்டடத்துச் சீனரைக் காட்டி, புதுக்கிராமத்துச் சீனக் கிழவனை மறைக்கிறது. பல்கலைக்கழக இடமில்லை, அரசு வேலையில்லை என்று பிறந்த மண்ணைவிட்டுப் போன சீன இளைஞர்கள் எத்தனை பேர்! ஏழைக்கு ஏழை பகையாகும்போது சிரிப்பவன் எவன் என்று தெரியாதா?

தலைநகர் நின்ற இடம்

மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா. அகன்ற சாலை, அழகிய ஏரி, வானளாவும் மாளிகைகள். 1990களில் அது எழுமுன் அந்த மண்ணில் நின்றது ரப்பர் தோட்டம். பெயர் பிராங் புசார்; பெரும்போர் என்று பொருள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படைவீரர் தொடங்கியதால் அந்தப் பெயர். போரிட்டவர்க்குத் தோட்டம் கிடைத்தது. தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்க்கு? அங்கும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை டெங்கிலுக்கு அருகே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அதன் சுவர்கள் விரிசல் கண்டன. தனி வீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தலைநகருக்கு மண் கொடுத்தவனுக்குத் தலைக்குமேல் கூரையில்லை!

இப்படி நாடெங்கும் தோட்டம் விட்டுத் துரத்தப்பட்டவர் நகரத்தின் ஓரத்துப் புறம்போக்கில் குடிசை போட்டனர். பிறகு அடுக்குமாடிகளில் அடைக்கப்பட்டனர். கையில் தொழில் இல்லை. பால் வெட்டும் கத்திக்கு நகரத்தில் என்ன வேலை? பிறப்பைப் பதியாததால் பலருக்கு அடையாள அட்டையும் இல்லை. பிறந்த நாட்டிலேயே சிலர் நாடற்றவர். அவர்களின் பிள்ளைகளில் சிலர் அடிதடிக் கூட்டத்தில் சேர்ந்தால், ‘பார்த்தாயா, அவன் இனமே அப்படி’ என்கிறது ஊர். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்ச் சாலையில் ஹிண்ட்ராஃப் அழைப்பில் பல்லாயிரம் இந்தியர் திரண்டபோதும், கண்ணீர்ப்புகைக்கும் தண்ணீர்ப் பீய்ச்சலுக்கும் நடுவே நின்றபோதும், உலகம் வியந்தது. அடங்கிக் கிடந்தவன் ஏன் எழுந்தான் என்று கேட்டது. அடக்கிய நாளெல்லாம் கேட்காத கேள்வி!

பட்டா, படிப்பு, பத்திரம்

தோழர்களே! இரு சமுதாயங்களை ஒப்பிடுவது தவறில்லை. ஒப்பிட்டால்தான் நோயின் வேர் தெரியும். ஆனால், ஒப்பிடுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘யார் வேகமாக ஓடினான்’ என்பதன்று. ‘யார் கால் எதில் கட்டப்பட்டிருந்தது’ என்பதே! சீனரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. சங்கம் வைத்ததைக் கற்போம். பள்ளியைத் தங்கள் பெயரில் எழுதி வைத்ததைக் கற்போம். முதலாளியின் பணத்தில் ஒரு பங்கைக் கூலியின் பிள்ளைக்குத் திருப்பியதைக் கற்போம். நம்மவரில் உயர்ந்துவிட்ட வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் சராசரியின் மேல் பாதியில் அமர்ந்துகொண்டு, கீழ்ப் பாதியைப் பார்த்துக் ‘குடிகாரன்’ என்று ஏசுவதற்கு முன், இந்த மூன்றாம் பாடத்தைப் படிக்கட்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா; பிள்ளைக்கு ஆறாம் வகுப்போடு நிற்காத படிப்பு; பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரம். பட்டா, படிப்பு, பத்திரம்! இனத்தைப் பார்த்து வேண்டாம். ஏழ்மையைப் பார்த்துக் கொடுக்கட்டும். புதுக்கிராமத்துச் சீனனுக்கும் கொடுக்கட்டும், கம்பத்து மலாய்க்காரனுக்கும் கொடுக்கட்டும், லயத்திலிருந்து விரட்டப்பட்ட தமிழனுக்கும் கொடுக்கட்டும்.

அன்று பந்தலில் பெரியவரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. திருமண வீட்டில் வழக்காட மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: “அய்யா, நீங்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்?”

“நான் தோட்டத்தில் இருந்ததே இல்லையே தம்பி! எங்க அப்பாவுக்கு ஈப்போவில் சொந்தமா ஒரு கடை இருந்துச்சு.”

பாட்டி உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை.